போக்கிமானின் முதல் எழுத்தாளர் தகேஷி ஷுதோ: ஸ்பான்சர் கண்ணில் படாமல் கதை எழுதியவர்

திரிவிளக்கு:

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், இயக்குநர்களைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் ஓடிவிட்டன. கதை வசனம் எழுதியவர்களைப் பற்றி ஒன்றுகூட உருப்படியாக இல்லை. சரி, நானே ஒன்றைத் தொடங்கி வைக்கிறேன்.

தகேஷி ஷுதோ. பெயர் பரிச்சயமில்லாமல் இருக்கலாம், ஆனால் அவர் எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். 1997 ஏப்ரல் 1 அன்று டிவி டோக்கியோவில் வந்த போக்கிமான் முதல் அத்தியாயம் அவருடையது. தூங்கி எழத் தாமதமாகி, மிச்சமிருந்த பிக்காச்சுவை வாங்கிக்கொண்டு பையன் ஊரைவிட்டுக் கிளம்புவானே, அதுதான். அந்தத் தொடரின் கதைப்போக்கு முழுவதையும் கவனித்துக்கொண்ட தலைமை எழுத்தாளரும் அவரே.

1949இல் ஃபுகுவோகாவில் பிறந்தார். பத்தொன்பது வயதில் ஒரு சரித்திரத் துப்பறியும் தொடருக்கு எழுதினார். அது நடிகர்கள் நடித்த தொடர், அனிமே இல்லை. அப்புறம் எழுத்தை விட்டுவிட்டு விற்பனையாளர் வேலை பார்த்தார், ஐரோப்பாவில் சுற்றினார். எழுபதுகளின் நடுவில் உலக நாடோடிக் கதைகளைச் சொன்ன ஒரு குழந்தைகள் தொடர் வழியாகத்தான் அனிமேக்குள் நுழைந்தார்.

என் வாதம் இதுதான். ஷுதோவின் நல்ல எழுத்து எல்லாம், பணம் போட்டவர்கள் அக்கறை காட்டாத மூலைகளில்தான் இருக்கிறது. 1981இல் 'கோஷோகுன்' என்ற ராட்சத ரோபோ தொடர். ரோபோ பொம்மை விற்க வேண்டும், அதற்காக வாரம் ஒரு சண்டை வேண்டும். சண்டையை வைத்துவிட்டு மீதி நேரம் முழுக்க வில்லன்களை அரட்டை அடிக்க விட்டார். 26 அத்தியாயம்தான். ஆனால் அந்த மூன்று வில்லன்களின் பேச்சைக் கேட்கவே ஒரு கூட்டம் உருவானது.

அடுத்த வருடமே 'மிங்கி மோமோ'. இதுவும் பொம்மை விற்க எடுத்ததுதான், இந்த முறை சிறுமிகளுக்கு. ஃபெனரினார்சா என்ற கனவு நாட்டிலிருந்து பூமிக்கு வந்த சின்னப் பெண், மந்திரத்தால் பதினெட்டு வயதுப் பெண்ணாகி, ஒவ்வொரு வாரமும் ஒரு தொழில்காரியாக மாறி யாருடைய சிக்கலையாவது தீர்ப்பாள். 46ஆம் அத்தியாயத்தில் மந்திரம் போய்விடுகிறது. தெருவில் ஓடும்போது லாரி மோதி அவள் இறந்துபோகிறாள். அந்த லாரி பொம்மைகளை ஏற்றிவந்த லாரி.

1983 ஜனவரியில், சிறுமிகள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இது ஒளிபரப்பானது. இதைப் பற்றிப் பேசலாம் வாருங்கள்.

ராக்கெட்_கூட்டம்:

பொம்மை லாரியா! ஸ்பான்சரைப் பழிவாங்கிவிட்டார் மனுஷன்.

கிழக்குக்கரை:

எல்லாரும் சொல்லும் கதை இது. பொம்மை சரியாக விற்கவில்லை, ஸ்பான்சரான பொம்மை நிறுவனம் போப்பி தொடரை நிறுத்தச் சொன்னது, கோபத்தில் எழுத்தாளர் கதாநாயகியைக் கொன்றார். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், கோபத்தில் எழுதினால் இப்படியா வரும்?

மோமோ இறந்தபின் என்ன நடக்கிறது? பூமியில் அவளைத் தத்தெடுத்து வளர்த்த அம்மா அப்பாவுக்கே சொந்தக் குழந்தையாகப் பிறக்க முடிவெடுக்கிறாள். மந்திரக்காரியாக இருந்தவரை மற்றவர் கனவுகளுக்கு உதவ முடிந்தது, அவளுக்கென்று ஒரு கனவு இருக்க முடியவில்லை. கனவு வேண்டுமானால் மனுஷியாகப் பிறந்தாக வேண்டும். ஸ்பான்சரைக் குத்துவதற்கு மட்டும் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. லாரியில் பொம்மை ஏற்றியது வேண்டுமானால் குறும்பு. மரணம் குறும்பு இல்லை.

திரிவிளக்கு:

@கிழக்குக்கரை, இதை ஒத்துக்கொள்வதில் எனக்குச் சிக்கலே இல்லை. நிறுத்தச் சொன்னதால் முடிவு எழுத வேண்டி வந்தது, வந்த வாய்ப்பை அவர் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார். அப்புறம் வேடிக்கை பாருங்கள். எல்லாம் எழுதி முடித்தபின் தொடரை நீட்டிக்கச் சொன்னார்கள். செத்த பெண்ணை வைத்துக்கொண்டு இன்னும் 17 வாரம் ஓட்ட வேண்டும்! இனிமேல் பிறக்கப்போகும் குழந்தை காணும் கனவாக மீதியை எழுதி, 63ஆம் அத்தியாயத்தில் முடித்தார். கனவைக் கெடுக்க வரும் ஒரு இருளோடு சண்டை. மற்றவர் கையில் இது வெறும் சமாளிப்பாகப் போயிருக்கும்.

தாள்_எழுத்தாணி:

எழுத்தாளர் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இதைப் பேசினால் பாதிதான் புரியும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் டிவி அனிமேயில் இரண்டு வகைப் பெயர் வரும். ஒன்று, அந்த வாரத்து அத்தியாயத்தை எழுதியவர். இன்னொன்று, தொடர் அமைப்பாளர். இவர்தான் மொத்தக் கதையை வாரங்களாகப் பிரித்து, எந்த அத்தியாயத்தை யார் எழுதுவது, எங்கே யார் அறிமுகம், எங்கே முடிச்சு என்று திட்டம் போடுகிறவர். முக்கியமான அத்தியாயங்களைத் தானே வைத்துக்கொள்வார். மோமோவிலும் போக்கிமானிலும் ஷுதோ இருந்தது இந்த நாற்காலியில்.

எழுதிய பிரதியை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் போடுவார்கள், ஹோன்யோமி என்று பெயர். இயக்குநர், தயாரிப்பாளர், டிவி நிலையத்து ஆள் என்று எல்லாரும் இருப்பார்கள். மூலக்கதை மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக இருந்தால் பதிப்பகத்து எடிட்டரும் வருவார். ஆளுக்கொன்று சொல்வார்கள். எழுத்தாளர் வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுதுவார். மறுபடி கூட்டம், மறுபடி திருத்தம். இப்படி இரண்டு மூன்று பிரதி தாண்டித்தான் இறுதிப் பிரதி.

அதோடு எழுத்தாளரின் கை விலகிவிடும். அடுத்து, காட்சிகளைப் படங்களாகத் திட்டமிடும் ஸ்டோரிபோர்டு வரைபவர் அதை எடுத்துக்கொண்டு காட்சிகளை வெட்டுவார், சேர்ப்பார், வசனத்தை மாற்றுவார். அனேகமாக எல்லா எழுத்தாளர்களும் ஸ்டூடியோவின் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். மறு ஒளிபரப்பு, வீடியோ என்று போனால் எழுத்தாளர் சங்கம் வழியாக ஒரு பங்கு வரும். ஆனால் நீங்கள் உருவாக்கிய பாத்திரம் பொம்மையாகவும் பனியனாகவும் விற்கிறது என்பதற்காக உங்களுக்குப் பங்கு கிடைத்துவிடாது.

அதனால் ஸ்பான்சர் பார்க்காத மூலை என்று திரிவிளக்கு சொல்வது பாதிதான் சரி. ஸ்பான்சர் பார்க்காமல் இருக்கலாம். அறையில் இருந்த மற்ற எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

கிழக்குக்கரை:

இதைத்தான் சொல்ல வந்தேன். அறையில் யார் இருந்தார் என்று யாரும் கேட்கவில்லையே! கோஷோகுன், மிங்கி மோமோ, போக்கிமான், மூன்றுக்கும் இயக்குநர் குனிஹிகோ யுயாமா. ஒரே இயக்குநர். ஷுதோவின் விசித்திரங்களைப் படமாக்கத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருந்தார். எழுத்தாளரைத் தனி மேதையாக்கினால் அந்தக் கூட்டணி காணாமல் போய்விடும்.

ராக்கெட்_கூட்டம்:

அண்ணே, என் பெயரைப் பார்த்தீர்கள் அல்லவா? போக்கிமானில் வாராவாரம் வரும் திருட்டு வில்லன்களான ராக்கெட் கூட்டத்தை உருவாக்கியதில் அவர் பங்கு என்ன? தொடருக்கு மூலமான வீடியோ விளையாட்டில் அந்த இருவரும் பேசும் பூனையும் கிடையாதே.

திரிவிளக்கு:

கேம்பாய் என்ற கையடக்கக் கருவியில் முதலில் வந்த விளையாட்டில் ராக்கெட் அமைப்பு உண்டு, ஆனால் தலைவனைத் தவிர மற்றவர்கள் பெயரில்லாத அடியாட்கள்தான். முசாஷி, கொஜிரோ, பேசும் பூனை நியாசு என்ற மூவரணி, அதாவது நாம் ஜெஸ்ஸி, ஜேம்ஸ், மியாவ்த் என்று அறிந்தவர்கள், டிவி தொடருக்காக வந்தவர்கள். தோற்றாலும் சளைக்காமல் மேடைப் பேச்சு பேசும் மூன்று வில்லன்கள். கோஷோகுன் பார்த்தவனுக்கு உடனே பொறி தட்டும்.

ஒவ்வொரு வாரமும் அவர்கள் நுழையும்போது சொல்லும் அடுக்குமொழி ஷுதோ எழுதியது. யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்வதுதானே உலக தர்மம் என்று தொடங்கி, உலகம் அழியாமல் காப்போம், அமைதியைக் காப்போம் என்று திருடர்கள் மூச்சுவிடாமல் முழங்குவார்கள். பழைய நாடக மேடையில் கள்வன் தன் பெயரைப் பாடிக்கொண்டே நுழைகிற வழக்கம் ஜப்பானில் உண்டு, கபுகியில் பார்க்கலாம். அதை அப்படியே குழந்தைகள் நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மூவரில் நியாசுமேல்தான் அவருக்குத் தனிப் பாசம் என்பது என் கணிப்பு. 72ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். தெருவில் பசியோடு வளர்ந்த பூனை ஒரு பெண் பூனையின்மேல் காதல் கொள்கிறது. அவளுக்கு மனிதர்களைத்தான் பிடிக்கும். அவளுக்காக இரண்டு காலில் நடக்கப் பழகுகிறது, படாதபாடு பட்டுப் பேசக் கற்கிறது. போய் நின்றால், பேசும் பூனை அருவருப்பாக இருக்கிறது என்கிறாள். இருபத்துச் சொச்சம் நிமிடம், நாயகன் சும்மா பக்கவாட்டில் நிற்கிறான்.

வெண்ணிலவு:

அந்த அத்தியாயம் பார்த்து அழுதவள் நான். எழுதியவர் பெயரை இன்றுதான் தெரிந்துகொள்கிறேன்.

முதல் படத்திலும் நியாசுவுக்கு ஒரு காட்சி உண்டே. 1998இல் வந்த மியூட்டூ படம். மூலப் போக்கிமான்களும் நகல் போக்கிமான்களும் ரத்தம் கக்கும் அளவுக்கு அடித்துக்கொள்கின்றன. நியாசுவும் அதன் நகலும் மட்டும் உட்கார்ந்து, இன்றைக்கு நிலா முழுசாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருக்கும். படத்தின் மொத்த விஷயமும் எனக்கு அங்கேதான் புரிந்தது.

திரிவிளக்கு:

மியூட்டூவின் கேள்வி, என்னை யார் பிறக்கச் சொன்னது என்பது. சோதனைக்கூடத்தில் நகலாக உருவானவன், உருவாக்கியவர்கள் எல்லார்மேலும் வெறுப்போடு கண் திறக்கிறான். ஏழு வயதுப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் பார்க்கும் படத்தில் இப்படி ஒரு கேள்வி! பதிலும் எவ்வளவு சாதாரணமாக வருகிறது பாருங்கள். கடைசியில் நினைவெல்லாம் அழிக்கப்பட்டு எல்லாரும் துறைமுகத்தில் நிற்கும்போது, நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்று கசுமி (ஆங்கிலத்தில் மிஸ்டி) கேட்கிறாள். இருக்கிறோம், அதனால் இருக்கிறோம் என்கிற மாதிரி நாயகன் சதோஷி (ஆங்கிலத்தில் ஆஷ்) ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

அமெரிக்காவுக்குப் போனபோது, சண்டை போடுவது தப்பு என்று பாத்திரங்கள் நேரடியாகவே சொல்லும் வசனங்களைச் சேர்த்தார்கள், மியூட்டூவும் வழக்கமான வில்லன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டான். 1999 நவம்பரில் அங்கே வெளியாகி வசூலில் முதலிடம். நம்மில் பலர் பார்த்ததும் அந்த ஆங்கிலப் பிரதியின் வழியில் வந்ததுதான்.

தாள்_எழுத்தாணி:

வசனம் எழுதியவனின் வேலை கடைசியில் எங்கே போய் முடிகிறது என்பதற்கு இன்னொரு உதாரணம், அதுவும் இதே தொடரில். 1997 டிசம்பர் 16, 38ஆம் அத்தியாயம், போரிகான் என்ற போக்கிமான் வந்த கதை. பிக்காச்சுவின் மின்னல் ஏவுகணைமேல் பட, சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வலிப்பு, மயக்கம் என்று மருத்துவமனைக்குப் போனார்கள். தொடர் நான்கு மாதம் நின்றது.

அந்த அத்தியாயத்தை எழுதியவர் ஜுன்கி தகெகாமி, ஷுதோ இல்லை. கணினிக்குள் நுழைந்து வைரஸைப் பிடிக்கும் சாதாரணக் கதை. ஏவுகணை வெடிக்கிறது என்பது வரைக்கும்தான் எழுத்தாளர் பொறுப்பு. எந்த நிறம், எத்தனை முறை மின்ன வேண்டும் என்பதெல்லாம் பின்னால் படம் செய்கிற இடத்தில் முடிவாகிறது. ஆனால் அந்தக் கதை மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. போரிகான் பாவம், அதற்கப்புறம் அதற்கு வேடமே கொடுக்கவில்லை.

மேசைவிளக்கு_மணி:

ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு ஏன் விலகினார்?

திரிவிளக்கு:

2000களில் இணையத்தில் அவர் ஒரு நீண்ட பத்தி எழுதி வந்தார். அதில் நிறையச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது படம் எழுதும்போது உடம்பு கெட்டிருந்தது, குடி அதிகமாகிவிட்டது என்று அவரே ஒளிக்காமல் எழுதினார். அந்தப் படத்துக்காக உருவாக்கிய லூகியா என்ற போக்கிமானை அவர் தாய்மை உள்ள ஒன்றாக நினைத்திருந்தார். திரையில் ஆண் குரலில் பேசியது. 1999 நவம்பரில் வந்த புது விளையாட்டிலும் லூகியா இடம்பிடித்தது.

மூன்றாவது படத்துக்கு அவர் நினைத்தது வேறு. போக்கிமான் மட்டுமே இருக்கும் உலகத்தில் ஒரு டைனோசர் எலும்புக்கூடு கிடைக்கிறது, அது எழுந்து நடக்கிறது. இந்த உலகத்தில் வேறு மிருகங்களே இல்லையே, அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? விளையாட்டின் அடிப்படையையே அசைத்துப் பார்க்கும் யோசனை. எடுபடவில்லை. 2000இல் வந்த படம் முற்றிலும் வேறு கதை, ஹிதேகி சோனோதாவோடு சேர்ந்து எழுதினார். அதற்கப்புறம் படங்கள் சோனோதா கைக்குப் போயின. 2002இல் தொடர் புது உருவம் எடுத்தபோது ஷுதோ அந்த நாற்காலியில் இல்லை.

தொடரின் கடைசி அத்தியாயத்துக்கும் ஒரு யோசனை வைத்திருந்தார். போக்கிமான்கள் மனிதர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழும், அவற்றின் தலைவனாகப் பிக்காச்சு, இரண்டு மொழியும் தெரிந்ததால் நடுவில் தூது போவது நியாசு. கடைசியில் சதோஷி கிழவனாகி, சிறு வயதில் கண்ட சாகசங்களை நினைத்துப் பார்க்கிறான்.

இங்கேதான் என் வாதத்துக்கு வருகிறேன். கோஷோகுன் சின்னத் தொடர். அங்கே பொம்மையைக் காட்டினால் போதும், மீதி எழுத்தாளருக்கு. போக்கிமானும் தொடங்கும்போது ஓரிரு வருடத்தில் முடியும் என்ற எண்ணத்தில்தான் தொடங்கியது. உலகம் முழுக்க ஓட ஆரம்பித்தபின் பார்க்காத மூலை என்று ஒன்றுமே மிச்சமில்லை. முடிவே வரக்கூடாத கதைக்கு, முடிவு எழுதுவதில் தேர்ந்த ஆள் எதற்கு?

கிழக்குக்கரை:

அழகான வாதம்தான். ஆனால் நீங்கள் சொல்வது எல்லாம் அவர் பக்கத்துக் கதை. வேலையை விட்டு வருடங்கள் கழித்து, தன் பத்தியில், தானே எழுதியது. டைனோசர் கதையை வேண்டாம் என்றவர்கள் தரப்பில் யாராவது இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறார்களா? அந்தக் கிளர்ச்சி முடிவு கூட்டத்தில் பிரதியாக வைக்கப்பட்டு நிராகரிக்கப்பட்ட ஒன்று இல்லை, அவர் மனதில் இருந்தது. மனதில் இருக்கும் கதைக்கு யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, பிக்காச்சு படை திரட்டி மனிதர்களோடு சண்டை போடும் அத்தியாயத்தை என் மகளுக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்றவர்களும் முட்டாள்கள் இல்லை.

ராக்கெட்_கூட்டம்:

எனக்கு விருப்பம். நியாசு தூது போவதை ஒருநாள் பார்த்தே ஆக வேண்டும்.

தாள்_எழுத்தாணி:

ஒரு விஷயம் பிரதியாகவே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. போக்கிமானை அவர் நாவலாகவும் எழுதினார், இரண்டு பாகம். பத்து வயதானால் சட்டப்படி பெரியவர், வரிகூடக் கட்ட வேண்டும் என்கிற மாதிரி அந்த உலகத்துக்கு ஒரு நிர்வாகக் கணக்கே போட்டிருப்பார். பத்து வயதுப் பையனைத் தனியே காட்டுக்கு அனுப்பும் அம்மா என்ன அம்மா என்று கேட்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது. கூட்டத்தில் யார் தொல்லையும் இல்லாமல் எழுதியது அது. படித்தால் திரிவிளக்கு சொல்வதும் புரியும், கிழக்குக்கரை சொல்வதும் புரியும். கொஞ்சம் அடக்க ஆள் இருந்திருக்கலாம் என்று எனக்கே தோன்றிய இடங்கள் உண்டு.

வெண்ணிலவு:

மற்ற எழுத்தாளர்களுக்கும் இதே கதிதானா?

தாள்_எழுத்தாணி:

காலம் மாறிவிட்டது. ஷுதோ காலத்தில் வருடம் முழுக்க ஓடும் தொடர்கள் அதிகம். ஐம்பது அத்தியாயம் என்றால் ஐந்தாறு எழுத்தாளர்கள் வேண்டும், புதியவர்கள் அங்கே ஒன்றிரண்டு எழுதிப் பழகலாம். இப்போது பல தொடர்கள் 12 அல்லது 13 அத்தியாயத்தோடு முடிந்துவிடுகின்றன. ஒருவரே முழுவதையும் எழுதிவிடலாம். மாரி ஒகாதா 2011இல் 'அனோஹனா'வின் 11 அத்தியாயத்தையும் அப்படித்தான் எழுதினார். பின்னால் இயக்குநராகவும் ஆகிவிட்டார். பிரதி கையைவிட்டுப் போகும் தொல்லைக்கு அதுவும் ஒரு வழி.

கேய்கோ நொபுமோத்தோ வேறு ரகம். அவர் தொடர் அமைப்பாளராக இருந்த 'கவ்பாய் பிபாப்' 1998இல் டிவி டோக்கியோவில் பாதிகூட முழுசாக வரவில்லை, அந்த வருட அக்டோபரில் தொடங்கி கட்டண அலைவரிசையான வாவ்வாவில் (WOWOW) தான் 26 அத்தியாயமும் வந்தன. போரிகான் அத்தியாய விபத்து நடந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம், எல்லா நிலையமும் பயந்துபோயிருந்தது. அவர் 2021இல் காலமானார்.

ரேய்கோ யோஷிதா மாதிரி, அடுத்தவர் கதையைச் சேதமில்லாமல் திரைக்குக் கொண்டுவருவதிலேயே பெயர் வாங்கியவர்களும் உண்டு. 'கே-ஆன்!' பாருங்கள். தன் முத்திரை எங்கே என்று தேடவே மாட்டார்கள். இப்படிப்பட்டவர்களைத்தான் இந்தத் துறை கடைசிவரை வைத்துக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம்.

மேசைவிளக்கு_மணி:

ஷுதோ இப்போது?

திரிவிளக்கு:

2010 அக்டோபரில் நாரா ரயில் நிலையத்தில் விழுந்துவிட்டார், மூளையில் ரத்தக்கசிவு. மறுநாள் அதிகாலை காலமானார். 61 வயது.

மேசைவிளக்கு_மணி:

அடடா. எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்? மோமோ 63 அத்தியாயம் என்றால் எனக்குப் பொறுமை இல்லை.

திரிவிளக்கு:

கோஷோகுனின் தொடர்ச்சியாக 1985இல் வந்த 'டைம் எட்ராஞ்சே' படம். ரோபோவை ஓட்டும் நாயகர் கூட்டத்தின் ஒரே பெண்ணான ரெமி, நாற்பது வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். அவள் மயக்கத்துக்குள் ஒரு பாலைவன நகரம், அங்கே இரண்டு நாளில் நீ சாவாய் என்று ஒரு கடிதம் வருகிறது. பழைய தோழர்களும் அந்த மூன்று வில்லன்களும் அவளோடு சேர்ந்து சாவை எதிர்க்கிறார்கள். ரெமிக்குக் குரல் கொடுத்த மாமி கொயாமாதான் மோமோவுக்கும் குரல் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கிழக்குக்கரை:

இதில் மட்டும் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முதலில் தொடரில் ஒரு நாலைந்து அத்தியாயமாவது பார்த்துவிடுங்கள் மணி. அந்த வில்லன்கள் யார் என்று தெரியாமல் படத்துக்குள் போனால், எதிரிகள் ஏன் படுக்கையைச் சுற்றி நிற்கிறார்கள் என்று விழிப்பீர்கள். இன்னொரு எச்சரிக்கை: ரோபோ படம் என்று நண்பர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். படம் முடியும்வரை ரோபோ வராது.